மூன்றாம் ஓலை

அத்தியாயம் 19

"மூன்றாம் முறையாகவும் இறுதி முறையாகவும்..." என்று சுவாமியார் தொடங்கியதுமே நேசம் தன் மகள் சுரேகாவின் கையை எட்டிப் பிடித்தாள்.

பிடித்த கை குளிர்ந்து கிடந்தது. பிடிபட்ட கை கொதித்தது.

"...கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த பீற்றரின் மகன் ரெனால்டுக்கும், வெள்ளவத்தையைச் சேர்ந்த அன்ரனிப்பிள்ளையின் மகள் துஷ்யந்திக்கும் வருகிற சனிக்கிழமை இந்தத் தேவாலயத்தில் திருமணம் நடைபெற இருக்கிறது. இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத் தந்தைக்கு அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

முன் வாங்கில் ஒரு தலை திரும்பியது. பிறகு இரண்டு. பிறகு வரிசை வரிசையாகக் கழுத்துகள் வளைந்தன. எல்லாக் கண்ணும் ஆறாவது வாங்கில் இருந்த சுரேகாவின் மேல்.

போன ஞாயிறும் இதே கதைதான். அன்றைக்கு அவள் நீலச் சாறியில் வந்திருந்தாள். இந்தக் கலியாண அறிவிப்பின் இரண்டாம் ஓலை வாசித்தபோது கோயிலே திரும்பிப் பார்த்தது. அழுகிறாளா என்று அறிய அவ்வளவு ஆவல்.

சுரேகா அழவில்லை. மடியில் கைப்பை இருந்தது. பைக்குள் பழுப்பு உறை. உறைக்குள் ஒரே ஒரு தாள். எழுந்து நடந்து அதைச் சுவாமியாரிடம் நீட்டினால் போதும், கலியாணம் இந்த நிமிடமே நின்றுவிடும்.

அவள் எழும்பவில்லை.

இன்றைக்கு நின்றால் யாருக்கு லாபம்? பீற்றர் ஒரு வக்கீலைப் பிடிப்பார். காதும் காதும் வைத்தமாதிரி விவாகரத்து எடுப்பார். வருகிற வருடம் இதே ஓலை இதே இடத்தில் மறுபடி வாசிக்கப்படும். அது வேண்டாம். சனிக்கிழமை ரெனால்ட் கோயில் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடட்டும். பக்கத்தில் பீற்றர் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். மை காயட்டும்.

அதற்குப் பிறகு இந்த உறை திறக்கும்.

ஐந்து வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதம், ரெனால்டுக்கும் சுரேகாவுக்கும் கலியாணம் பேசி முடிந்தது. ரெனால்ட் டோஹாவுக்குப் போக வேண்டியிருந்தது. தவக்காலம் பிறந்துவிட்டால் கோயிலில் கலியாணம் இல்லை. ஆகவே பதிவாளர் கந்தோரில் எழுத்தை மட்டும் முடித்துவிட்டு, பாஸ்காத் திருநாளுக்குப் பிறகு அவன் லீவில் வந்ததும் தாலி என்று பீற்றரே நாள் குறித்தார். முதல் சாட்சியும் அவரே.

தவக்காலம் நாற்பது நாள். அந்த நாற்பது நாளும் கொட்டாஞ்சேனை வேறு வேலை பார்க்கவில்லை.

"நேசத்தின்ட மனுசன் ஹட்டன் பக்கமாமே? தேயிலைத் தோட்டத்து ஆக்களாமே? ஞானஸ்நானமும் எடுக்கேல்லையாமே?"

நாற்பதாம் நாள் பீற்றர் வாசிகசாலை மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தார். ஊருக்குப் பெரியவர்கள் ஐந்து பேர். "கோயில்ல நடக்காதது கலியாணமே இல்லை. இது வெறும் எழுத்து" என்று ஐந்து பேரும் ஒரே குரலில் தீர்த்தார்கள். இரண்டு வீட்டுச் சான்றிதழையும் வாங்கி, எல்லாரும் பார்க்க நாலாகக் கிழித்தார் பீற்றர். முடிந்தது. டோஹாவிலிருந்து ரெனால்ட் ஒரு வட்ஸ்அப் அனுப்பினான்: 'சொறி. வீட்டில சொல்லுறதைத்தான் நான் கேக்கோணும்.'

துறைமுகத்தில் ஒரு பெட்டி இறக்க ஆறு கொப்பி கேட்கும் கிளியரிங் கிளார்க் பீற்றர். தன் கையெழுத்து விழுந்த கடதாசிக்கு ஒரு மூலம் இருக்கும் என்பது மட்டும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. சொன்னது ஊரல்லவா? ஊர் சொன்னால் முடிந்ததுதான் என்று அவரும் நம்பினார், சுரேகாவும் நம்பினாள்.

போன மாதம் வக்கீல் கந்தோரில் வேலை செய்யும் மஸாஹிரா சுரேகாவிடம் சட்டை தைக்கக் கொடுக்க வந்தபோதுதான் பேச்சுவாக்கில் கேட்டாள்: "அவங்க கிழிச்சது கையிலீந்த கொப்பியத்தானே? புத்தகத்த யாரு கிழிச்ச? நீங்க இன்னும் அந்தாள்ட பொண்டாட்டிதான். அவரு இன்னொண்டு முடிச்சா, அவரும் தெரிஞ்சே சாட்சி வெச்சவரும் ஏழு வருசம் வரைக்கும் உள்ளுக்குப் போகலாம், தெரியுமா?"

இரண்டு நாளில் சுரேகா பதிவாளர் கந்தோரில் புதுப் பிரதி எடுத்துவிட்டாள். நேசத்துக்கும் தெரியாது. யாருக்குமே தெரியாது.

பூசை முடிந்தது.

வாசலில் பீற்றர் காத்திருந்தார். வெள்ளை நீளக்கைச் சேர்ட். கையில் ஒரு கட்டுக் கலியாணக் கார்ட்.

"நேசமக்கா! உங்களுக்குக் குடுக்காம விடுவனோ? பழசுகளை மனசில வச்சிருக்கக் கூடாது. ஒரே பங்குச் சனம் நாங்கள்."

நேசம் இரண்டு கையாலும் வாங்கினாள். சுரேகா எட்டிப் பார்த்தாள். உறையில் 'திருமதி நேசமும் பிள்ளையும்' என்று இருந்தது. அப்பாவின் பெயர் இல்லை.

"தங்கச்சிக்கும் எங்கயாவது பாருங்கோவன் அக்கா. முப்பது வரப்போகுது எல்லோ?" என்றார் பீற்றர், சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி. நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"பாத்தாச்சு அங்கிள். எனக்கு முடிஞ்சு கனகாலம்" என்றாள் சுரேகா சிரித்தபடி.

"பகிடிக்காரி!" பீற்றர் கடகடவென்று சிரித்தார். பிறகு கேற்றுக்கு வெளியே பார்த்துக் கையைத் தட்டினார். "இராமர்! ஏய் இராமர்! சனிக்கிழமை உம்மட ஓட்டோ ஃப்ரீயா? விடியவே சோடாப் பெட்டி ஏத்தோணும், மண்டபத்துக்கு."

கேற்றுக்கு வெளியே, மதிலோரம், தன் முச்சக்கரவண்டிக்குப் பக்கத்தில் இராமர் நின்றார். நேசத்தைக் கட்டிய முதல் ஞாயிறே யாரோ ஒருவர் "நீங்கள் இந்தப் பக்கம் என்னத்துக்கு?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து முப்பத்தொரு வருடமாக மனைவியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு வெளியிலேயே நிற்பார். கேட்டால், "வெளிய காத்து நல்லாருக்கு" என்பார்.

"வர்றேங்க" என்றார் இராமர்.

சுரேகாவின் நகம் கைப்பைத் தோலில் இறங்கியது.

நேசம் நடந்தே வீட்டுக்குப் போனாள். சுரேகாவுக்கு வெள்ளவத்தையில் தையல் வேலை இருந்தது. அப்பாவின் ஓட்டோ பெருந்தெருவான காலி வீதிக்குத் திரும்பும் வரைக்கும் அடக்கி வைத்திருந்தாள். பிறகு வெடித்தது.

"ஏனப்பா ஓம் எண்டனீங்கள்?"

"சோடாப் பொட்டிதானேம்மா."

"உங்களை நிக்க வச்ச மனுசன்ட சோடாவை நீங்களே ஏத்துவீங்களோ?"

"அன்னிக்கி நிக்க வச்சாங்க. இன்னிக்கி ஓட்டச் சொல்றாங்க. நிக்கிறதுக்கு ஓட்டுறது லேசு."

கண்ணாடியில் அப்பாவின் கண் மட்டும் தெரிந்தது.

"ஒண்ணே கால் மணித்தியாலம்" என்றார் இராமர்.

"என்னது?"

"நான் நின்னது. அந்த மண்டபத்துல எனக்கு நேரா ஒரு மணிக்கூடு மாட்டியிருந்தாங்க. வேற எங்க பாக்குறது? அதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். ஆறு கதிர கெடந்துச்சு. அஞ்சு பெரியவங்க ஒக்காந்தாங்க, மத்தது பீற்றர் ஐயாவுக்கு. ஒருத்தராச்சும் இராமரு ஒக்காருன்னு சொல்வாங்கன்னு பாத்தேன்." ஹோர்னை அழுத்தினார். முன்னால் வாகனம் எதுவும் இல்லை. "மறந்துட்டேன்னு நெனச்சியா நீ?"

சொல்லிவிடலாமா? அப்பா, சனிக்கிழமை அந்த மனுசன் உள்ளுக்குப் போகப் போகுது என்று?

சொல்லவில்லை. இராமர் நல்லவர். நல்லவர்கள் தடுப்பார்கள்.

வெள்ளவத்தையில், போன் கடைக்கு மேல்மாடியில் சுரேகாவின் தையல் அறை. இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை, வருகிறவர்கள் இருக்க ஒரு கதிரை. ஜன்னலைத் திறந்தால் பஸ் சத்தமும் கடல் காற்றும் சேர்ந்து வரும்.

மூன்று மணிக்கு மணமகள் வந்தாள்.

துஷ்யந்தி இந்த நீளக் கலியாணச் சட்டையைத் தைக்கக் கொடுத்தது ஒரு மாதத்துக்கு முன்பு. மாப்பிள்ளை யார் என்று அவள் சொன்னபோது சுரேகாவின் கையிலிருந்த அளவு நாடா நழுவி விழுந்தது. அடுத்த நொடியே குனிந்து எடுத்து, "நானே தைச்சுத் தாறன்" என்றாள். நெஞ்சில் நஞ்சை வைத்துக்கொண்டு இவ்வளவு அழகாக அவள் ஒரு நாளும் தைத்ததில்லை. வெள்ளைச் சாட்டின், முழங்கை வரைக்கும் நெட், விளிம்பு முழுக்கக் கைவேலை. இந்தச் சட்டையோடுதான் இவள் அந்தப் புத்தகம் வரைக்கும் நடக்க வேண்டும். வழியில் ஒரு தையலும் விடக் கூடாது.

"கையைக் கொஞ்சம் தூக்கும்" என்றாள் சுரேகா, வாயில் நாலு குண்டூசியோடு.

துஷ்யந்தி தூக்கினாள். கண்ணாடியில் இரண்டு முகமும் ஒன்றன் பின் ஒன்றாகத் தெரிந்தன.

"அக்கா, ஒண்டு கேக்கட்டே?"

"கேளும்."

"நீங்கள் கொட்டாஞ்சேனை எல்லோ?"

குண்டூசி ஒரு கணம் நின்றது. "ஓம். ஏன்?"

"போன ஞாயிறு நானும் அந்தக் கோயிலுக்கு வந்தனான். மாமி கூட்டிக்கொண்டு போனவ. ஓலை வாசிக்கேக்க என்னைத்தான் எல்லாரும் பாப்பினம் எண்டு நினைச்சு நல்லா உடுத்துக்கொண்டு போனன்." துஷ்யந்தி சிரித்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றது. "ஒருத்தரும் என்னைப் பாக்கேல்லை அக்கா. முழுக் கோயிலும் திரும்பி ஒரு நீலச் சாறியைப் பாத்தது. அந்த நீலச் சாறி நீங்கள்தானே?"

கீழே ஒரு பஸ் நீளமாக ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"ஆரோ தெரிஞ்ச ஆக்கள் பாத்திருப்பினம்" என்றாள் சுரேகா.

"இருநூறு பேருமோ?"

சுரேகா ஊசியைத் துணியில் இறக்கினாள். ஒரு ஊசி போதுமான இடத்தில் இரண்டைக் குத்தினாள்.

"நான் கணக்குப் பாக்கிற ஓடிற் வேலை செய்யிறனான் அக்கா. கலியாணம் பேசேக்க எங்கட வீட்டில கொட்டாஞ்சேனையில ஒன்பது பேரிட்ட விசாரிச்சவை. ஒன்பது பேரும் ஒரே வசனம். 'அடக்கமான பிள்ளை, ஒரு பிரச்சினையும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம்.' ஒரு சொல்லும் மாறேல்லை. அம்மாக்குச் சரியான சந்தோசம், எல்லாரும் எவ்வளவு ஒற்றுமை எண்டு. எங்கட கந்தோரில எண்டால், ஒன்பது பேர் ஒரே வசனம் சொன்னா அதைச் சாட்சி எண்டு எடுக்கமாட்டம். சொல்லிக் குடுத்தது எண்டுதான் எழுதுவம்." அவள் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்களிட்ட மட்டும் ஒருத்தரும் விசாரிக்கேல்லை. இப்ப நான் கேக்கிறன். ரெனால்ட் எப்பிடி?"

ஒரு வசனம். ஒரே ஒரு வசனம் சொன்னால் போதும். சனிக்கிழமை தானாக நடக்கும். மை காயும். பீற்றர் முடிவார். ஐந்து வருடக் கணக்கு ஒரே நாளில் தீரும்.

சுரேகா வாயிலிருந்த கடைசிக் குண்டூசியை எடுத்தாள்.

"அடக்கமான பிள்ளை" என்றாள். "ஒரு பிரச்..."

நின்றுவிட்டாள்.

அது அவளுடைய குரல்தான். ஆனால் பேசியது கொட்டாஞ்சேனை. வாசிகசாலை மண்டபத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்த அந்த ஐந்து வாயும், ஓலைக்குத் திரும்பிய இருநூறு கழுத்தும் அவள் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்திருந்தன. ஊர் அவளை வெளியே தள்ளியது என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தாள்? அந்தச் சனத்தில் பத்தாவது ஆளாக நிற்க இப்போது அவளுக்கு ஒரு இடம் காலியாக இருந்தது. ஹட்டனில் அப்பாவின் சொந்தங்கள் அவளை வேதக்காரி என்றன. கொட்டாஞ்சேனை தோட்டத்தாள் என்றது. எங்கேயும் கிடைக்காத இடம், இந்த ஒரு பொய்க்குக் கிடைக்கும்.

'வேண்டாம். அந்த வாங்கில் நான் இருக்கமாட்டன்.'

அவள் கைப்பையைத் திறந்தாள். பழுப்பு உறையை எடுத்தாள். பதிவாளர் கந்தோர் முத்திரை மேலே தெரிந்தது. தாளை உருவி, உறையை வெட்டு மேசையில் துணிக் கட்டோரம் போட்டுவிட்டு, தாளைத் துஷ்யந்தியின் கையில் வைத்தாள்.

"ஊசி குத்தும், அசையாமல் நிண்டு வாசியும்."

துஷ்யந்தி வாசித்தாள். மணமகன் பெயர். மணமகள் பெயர். திகதி. பிறகு மேலேயிருந்து இன்னொரு முறை. ஓடிற்காரப் பெண் விரலை வரிவரியாக நகர்த்தினாள். விரல் அடியில் வந்து நின்றது.

"முதல் சாட்சி, மாமா."

"ஓம்."

"இது முறிக்கப்படேல்லை?"

"கிழிச்சவை. முறிக்கேல்லை."

"அப்ப சனிக்கிழமை நான்..." அவள் முடிக்கவில்லை. கன்னம் வெளுத்துப்போனது. "இதை வச்சுக்கொண்டு பேசாமல் இருந்தனீங்கள். மூண்டு ஓலைக்கும்."

"இருந்தனான்" என்றாள் சுரேகா. "சனிக்கிழமை வரைக்கும் இருந்திருப்பன். உம்மட கையெழுத்தும் விழட்டும் எண்டுதான் இருந்தனான். பொய் சொல்லமாட்டன்."

இரண்டு பேரும் கண்ணாடிக்குள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடி விழும் என்றுதான் சுரேகா நினைத்தாள். விழுந்தால் வாங்கிக்கொள்வதற்கும் தயாராக நின்றாள்.

துஷ்யந்தி தாளை மடித்தாள். "இதில உங்கட அப்பா பேர் இராமர் எண்டு கிடக்கு. கோயிலுக்கு வெளியில ஓட்டோவோட நிண்டவரோ? போன கிழமை மழைக்குள்ள எனக்குக் குடை பிடிச்சு றோட்டைக் கடக்கவிட்டவர்."

"அவர்தான்."

"கோயில்ல கையெழுத்துக்கு முதல் ஃபாதர் ஒரு கேள்வி கேப்பார் எல்லோ? சனத்துக்கு முன்னால, மைக்கில?"

"முழு மனச்சுதந்திரத்தோடதான் வந்திருக்கிறீங்களோ எண்டு கேப்பார்."

"ம்." துஷ்யந்தி கண்ணைத் துடைத்தாள். ஒரே ஒரு தரம், புறங்கையால். "அந்தக் கேள்விக்கு நான் மறுமொழி சொல்லுறன். இந்தத் தாளைக் கையில வச்சுக்கொண்டு சொல்லுறன். ஒன்பது பேரும் கேக்கட்டும். இது என்னட்ட இருக்கட்டும் அக்கா."

சுரேகா தாளின் ஓரத்தைப் பிடித்தபடி தயங்கினாள். ஐந்து வருடக் கோபம் அந்த ஒரு தாளில் இருந்தது. கேட்பவள் ஒரு மாதப் பழக்கம். யாருடைய ஆள் என்று தெரியாது. வீட்டுக்குப் போய்த் தாயின் மடியில் அழுதால், விடிய முன்னம் அது பீற்றரின் காதில் விழும்.

"கையைக் கொஞ்சம் இறுக்கித் தையுங்கோ" என்றாள் துஷ்யந்தி. "சனிக்கிழமை எல்லாரும் என்னைத்தான் பாக்கோணும்."

சுரேகா தாளை விட்டாள். துஷ்யந்தியின் பை 'ஸிப்' என்று மூடிக்கொண்டது.

கீழே ஒரு கார் நின்றது. கதவு அடைக்கும் சத்தம். மரப்படியில் கனமான காலடி.

"மாமாவாத்தான் இருக்கும்" என்று துஷ்யந்தி கிசுகிசுத்தாள். "சாப்பாடு ருசி பாக்க மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டவர்."

சுரேகா சட்டென்று ஒரு காரியம் செய்தாள். வெட்டு மேசையில் கிடந்த துணிக் கட்டு முழுவதையும் அள்ளி, அந்த ஒற்றைக் கதிரையில் குவித்துவிட்டு, சட்டையின் கீழ் விளிம்பில் ஊசி குத்தக் குந்தினாள்.

"என்ன மகள், முடிஞ்சுதோ?" பீற்றர் மூச்சு வாங்கியபடி உள்ளே வந்தார். மருமகளைப் பார்த்துச் சிரித்தார். பிறகுதான் அவள் காலடியில் குந்தியிருந்தவளைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் அறுந்தது.

"நீயோ? மகள், இவளிட்டயோ தைக்கக் குடுத்தனீர்?"

"ஓம் மாமா. நல்லாத் தைக்கிறா" என்றாள் துஷ்யந்தி. குரலில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "சனிக்கிழமை உடுத்தி விடவும் இவவைத்தான் கேட்டிருக்கிறன். முன் வாங்கில எனக்குப் பக்கத்தில இடம் வையுங்கோ. இவவுக்கு ஒண்டு, இவட அப்பாவுக்கு ஒண்டு."

"அப்பாவுக்கோ? அந்தாள் கோயிலுக்குள்ள வாறேல்லையே..."

"சனிக்கிழமை வருவார். சோடாவுக்கு வேற வண்டி பிடியுங்கோ அங்கிள்" என்றாள் சுரேகா.

பீற்றர் நெற்றியைத் துடைத்தார். எங்கேயாவது உட்கார வேண்டும் போல் அறையைச் சுற்றிப் பார்த்தார். கதிரையில் துணி. மெஷின் ஸ்டூலில் கத்தரிக்கோல். அவர் கண் வெட்டு மேசைக்கு வந்தது. அங்கே, துணிக் கட்டு கிடந்த இடத்தில், ஒரு பழுப்பு உறை வெறுமையாக வாய் திறந்து கிடந்தது. மேலே ஊதா நிறத்தில் ஒரு முத்திரை.

முப்பது வருடமாக முத்திரைகளோடு சீவித்த மனிதர் அவர். அந்த ஊதா வட்டத்தைவிட்டு அவர் கண் நகரவில்லை. கழுத்து நரம்பு ஒன்று துடித்தது. சனிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

"கொஞ்சம் தண்ணி..." என்றார். "நான் ஒருக்கா இருக்கிறன்."

சுரேகா எழும்பவில்லை. குந்தியபடியே சுவர் மணிக்கூட்டை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். பிறகு அடுத்த குண்டூசியை எடுத்து உதட்டில் வைத்தாள்.

"கதிரை இல்லை அங்கிள்" என்றாள். "நில்லுங்கோ."